படகின் குதிரைத்திறன் வரம்பை ஒட்டி அவுட்போர்டு மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி: எடையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சிறிய படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை வாங்கப் புறப்படுபவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படகின் பின்பலகை எத்தனை கிலோவைச் சுமந்தபடி சரியாக மிதக்கும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், குதிரைத்திறன் பற்றிய முடிவு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். படகில் குதிரைத்திறன் வரம்பு 25 என்று எழுதியிருக்கிறது, ஆகவே 25 வாங்குவோம் என்று முடிவெடுத்தவர்களில் பலர், மோட்டாரை மாட்டிய முதல் நாளிலேயே அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்ப்பதையும் பின்பக்கம் நீரில் அமிழ்வதையும் கண்டு திகைக்கிறார்கள். அதே வரம்புக்குப் பயந்து 10 வாங்கியவர்களோ, மூன்று பேர் ஏறியதும் மோட்டாரை முழு வேகத்தில் அலறவிட்டும் படகை நீர்ப்பரப்பின் மேல் ஏற்ற முடியாமல் தவிக்கிறார்கள். இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையில் சரியான மோட்டாரைக் கண்டுபிடிக்கும் வழியை, கைப்பிடியால் திருப்பப்படும் நான்கு மீட்டர், நாலரை மீட்டர் படகுகளை மனத்தில் வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: தகட்டை முழுவதுமாகப் படியுங்கள்

படகின் உட்புறத்தில், பெரும்பாலும் ஓட்டுபவரின் இருக்கைக்கு அருகில், கொள்திறன் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான ஒற்றை உடல் மோட்டார் படகுகளுக்கு இது 1972 நவம்பர் முதல் கட்டாயமாக இருக்கிறது. அந்தத் தகட்டில் மூன்று செய்திகள் இருக்கும்: அதிகபட்சக் குதிரைத்திறன், ஆட்களின் எண்ணிக்கையும் எடையும், ஆட்களும் மோட்டாரும் சாமான்களும் சேர்ந்த மொத்த எடை. ஐரோப்பிய முறைப்படி கட்டப்பட்ட படகில் ஆட்களின் எண்ணிக்கையும் சுமையும் தகட்டில் இருக்கும். மோட்டாரின் திறனை உரிமையாளர் கையேட்டில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பலரும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். மோட்டார் தேர்வுக்கு மூன்றாவது எண்ணும் அதே அளவு முக்கியம். மொத்த எடை 350 கிலோ என்று இருந்து, நீங்கள் மாட்டப்போகும் மோட்டார் 60 கிலோ என்றால், ஆட்களுக்கும் எரிபொருளுக்கும் நங்கூரத்துக்கும் 290 கிலோதான் மிச்சம். பழைய படகுகளில் இது இன்னும் சிக்கலாகும். எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட படகுகள் அவை. 36 கிலோவுக்கு 15 குதிரைத்திறன் தந்த டூ ஸ்ட்ரோக் இருந்த இடத்தில், அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 45 முதல் 52 கிலோ வரை கனக்கிறது. குதிரைத்திறன் வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்ற நிம்மதியில் இந்தக் கூடுதல் எடையை மறந்துவிடக் கூடாது.

வரம்பைத் தாண்டுவதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: தாண்டாதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம், படகுக் கட்டுநரின் உத்தரவாதமும் போய்விடும்.

இரண்டாம் படி: அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரம்பு எதை அளக்கிறது என்பது புரிந்தால், அதற்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பதும் புரியும். அமெரிக்க விதிமுறையில் உள்ள கணக்கு எளிமையானது. படகின் நீளத்தையும் பின்பலகைப் பகுதியின் அகலத்தையும் அடிக் கணக்கில் பெருக்க வேண்டும். 14 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் பெருக்கல் தொகை 63. இந்தத் தொகை 52.5-க்கு மேல் இருப்பதால் மூன்று சூத்திரங்களில் ஒன்று பொருந்தும். ஸ்டீரிங் சக்கரமும் குறைந்தது 20 அங்குல உயரமுள்ள பின்பலகையும் இருந்தால், தொகையை இரண்டால் பெருக்கி 90-ஐக் கழிக்க வேண்டும், 36 வரும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டால் 0.8-ஆல் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும், 25.4 வரும். அதே படகு தட்டையான அடிப்பாகமும் கூர்மையான பக்க விளிம்பும் கொண்டதாக இருந்தால் பாதியாக்கி 15-ஐக் கழிக்க வேண்டும்; 16.5 வரும். விடையை அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்திக்கொள்ள அனுமதி உண்டு என்பதால், இவை முறையே 40, 30, 20 ஆகின்றன.

ஒரே நீளமும் அகலமும் கொண்ட படகுக்கு 20, 30, 40 என்று மூன்று வரம்புகள் வருவதைக் கவனியுங்கள். வேறுபாட்டை உண்டாக்குபவை அடிப்பாகத்தின் வடிவம், பின்பலகையின் உயரம், படகைத் திருப்பும் முறை ஆகிய மூன்றுமே. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. தகட்டில் உள்ள எண் சக்கரம் வைத்த படகுக்கானது என்றால், அதே எண்ணைக் கைப்பிடி மோட்டாருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சில தகடுகள் இரண்டுக்கும் தனித்தனி எண்களைக் குறிப்பிட்டிருக்கும். தட்டை அடிப்படகுக்குக் குறைந்த வரம்பு தரப்பட்டிருப்பதும் காரணமில்லாமல் அல்ல. அது வேகமாக ஓடும்போது திருப்பத்தில் பக்கவாட்டில் வழுக்கும். விளிம்பு நீரில் திடீரெனப் பிடித்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் வெளியே எறியப்படுவார்.

தகடே இல்லாத பழைய படகு உங்களிடம் இருந்தால், முதலில் கட்டுநரைக் கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து, மேல்நோக்கி உயர்த்தாமல் கீழ்நோக்கிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நீங்கள் உண்மையில் ஏற்றும் சுமையை எழுதுங்கள்

இந்தப் படிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். இருந்தும் இதைச் செய்பவர்கள் குறைவு. படகின் வெற்று எடை 110 கிலோ, மோட்டார் 45 கிலோ, 25 லிட்டர் தொட்டியும் அதில் நிறைந்த பெட்ரோலும் 23 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ, நங்கூரமும் கயிறும் மிதவைச் சட்டைகளும் கருவிப்பெட்டியும் 32 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 360 கிலோ.

இதைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். 15 குதிரைத்திறன் என்றால் ஒவ்வொன்றுக்கும் 24 கிலோ விழுகிறது. 20 என்றால் 18 கிலோ. 25-இல் மோட்டாரே 15 கிலோ கூடுவதால் மொத்தம் 375 ஆகி, ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ வருகிறது. மூன்றாவது ஆள் ஏறினால் இவை முறையே 29, 22, 18 என்று மாறுகின்றன.

படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும் நிலையிலிருந்து நீரின் மேல் வழுக்கி ஓடும் நிலைக்கு, அதாவது பிளேனிங் நிலைக்கு ஏறவேண்டும் என்றால், நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது: 18 கிலோவுக்குள் இருந்தால் படகு தயக்கமின்றி ஏறும், 25 கிலோவை நெருங்கும்போது ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கொடுக்க வேண்டியிருக்கும், 30-ஐத் தாண்டினால் எதிர்பார்க்காமல் இருப்பதே நல்லது. எடை குறைந்த, அடிப்பாகம் தட்டையான படகுகள் இதைவிடச் சுலபமாக ஏறும். ஆழமான வி வடிவப் படகுகள் இதைவிட அதிகம் கேட்கும்.

வேகத்தைப் பற்றிய ஆசையையும் இந்த இடத்திலேயே அளந்துவிடலாம். பிளேனிங் நிலையில் ஓடும் படகின் உச்ச வேகம், திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயர்கிறது. எடை மாறாமல் 15-இலிருந்து 20-க்குப் போனால் சுமார் 15 சதவீத வேகம் கிடைக்கும். 20-இலிருந்து 25-க்குப் போகும்போது எடையும் கூடுவதால் ஆதாயம் 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மணிக்கு 33 கிலோமீட்டர் ஓடும் படகுக்கு அது மூன்று கிலோமீட்டர் மட்டுமே. அந்த மூன்று கிலோமீட்டருக்காகப் பின்பக்கத்தில் 15 கிலோவைத் தொங்கவிட வேண்டுமா என்பது கேள்வி. எப்போதும் மூன்று பேராகப் போகிறவருக்கு வேண்டும் என்பதே விடை, ஏனென்றால் அவருக்கு அது வேகத்தைவிடப் படகு ஏறுவதற்கே தேவைப்படுகிறது. இரண்டு பேராக மட்டும் போகிறவருக்கு வேண்டியதில்லை.

நான்காம் படி: ஒரே குடும்பத்து மோட்டார்களை அடையாளம் காணுங்கள்

மோட்டார் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் தனி இயந்திரம் செய்வதில்லை. ஒரே சிலிண்டர் தொகுதியை வைத்துக்கொண்டு, காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் வழியையும் கட்டுப்பாட்டுக் கணினியையும் மாற்றி இரண்டு மூன்று திறன்களில் விற்கிறார்கள். சுசுகியின் டிஎஃப் 9.9பி, டிஎஃப் 15ஏ, டிஎஃப் 20ஏ ஆகிய மூன்றுமே 327 சிசி கொண்ட இரட்டைச் சிலிண்டர் மோட்டார்கள். குட்டைத் தண்டும் கைப்பிடியும் கொண்ட வகையில் மூன்றும் ஏறத்தாழ 44 கிலோதான். தோஹட்சு, மெர்க்குரி நிறுவனங்களின் 15, 20 மோட்டார்கள் 333 சிசி தொகுதியில் அமைந்தவை; அவையும் 45 கிலோவை ஒட்டியே நிற்கின்றன. 25-க்குப் போனால் தொகுதியே மாறுகிறது. யமஹாவின் எஃப் 25 சுமார் 57 கிலோ. சுசுகியின் டிஎஃப் 25ஏ 490 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் மோட்டார், 60 கிலோவைத் தாண்டுகிறது.

இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே குடும்பத்துக்குள் இருக்கும்வரை வரம்புக்கு அருகில் உள்ள பெரிய எண்ணை வாங்குங்கள், குடும்பம் மாறும் இடத்தில் நின்று யோசியுங்கள். வரம்பு 20 என்றால், 15 வாங்குவதால் ஒரு கிலோகூட மிச்சமாகாது. விலை வேறுபாட்டைத் தவிர வேறு ஆதாயம் கிடையாது. வரம்பு 25 என்றாலோ, 20-இல் நின்றுகொள்வது பின்பலகைக்கு 12 முதல் 18 கிலோ வரை நிம்மதி தருகிறது. மின் ஸ்டார்ட்டரும், மோட்டாரை மின்விசையால் சாய்த்துத் தூக்கும் பவர் டில்ட்டும் சேர்ந்த வகைகள் இன்னும் சில கிலோ கனக்கும், அவற்றுக்கான பாட்டரி மட்டுமே 12 முதல் 20 கிலோ வரை வரும். ஆகவே விளம்பரத்தில் உள்ள மிகக் குறைந்த எடையை நம்பாமல், நீங்கள் வாங்கும் அதே வகையின் எடையைக் கேட்டு வாங்குங்கள்.

இதே காரணத்தால் பழைய மோட்டார் வாங்கும்போது மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. 15-இன் மேல் 20 என்று எழுதிய மூடியை மாட்டுவது இரண்டு நிமிட வேலை. பின்பலகையில் பிடிக்கும் இறுக்கியின் மேல் உள்ள தகட்டில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் பாருங்கள். 1980-களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட மோட்டார்களில் திறனைக் கிராங்க் தண்டில் அளந்து எழுதினார்கள். இப்போது புரொப்பெல்லர் தண்டில் அளந்து எழுதுகிறார்கள். பழைய 20 இன்றைய 20-ஐவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பது இதன் பொருள். கிலோவாட்டில் எழுதியிருந்தால், ஒரு குதிரைத்திறனுக்கு 0.746 கிலோவாட் என்றும் மெட்ரிக் குதிரைத்திறனுக்கு 0.7355 கிலோவாட் என்றும் கணக்கு.

ஐந்தாம் படி: வாங்குவதற்கு முன்பே எடையை மாட்டிப் பாருங்கள்

காகிதத்தில் போட்ட கணக்கை நீரில் சோதிக்க, 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் சிலவும் அளவு நாடா ஒன்றும் போதும். நிரம்பிய கேன் ஒன்று சுமார் 21 கிலோ. அமைதியான நீரில் படகைக் கட்டிவையுங்கள். எரிபொருள் தொட்டியும் நங்கூரமும் அவை வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்து ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் நீங்களே உட்காருங்கள். கேன்களைப் பின்பலகையின் உட்புறத்தில் அதை ஒட்டி அடுக்குங்கள். உண்மையான மோட்டார் பலகைக்கு வெளியே தொங்கும் என்பதால், அதன் எடையைவிடக் கால் பங்கு கூடுதலாக வையுங்கள். 45 கிலோ மோட்டாருக்கு 56 கிலோ தண்ணீர்.

இப்போது இன்னொருவரைக் கரையிலிருந்து, பின்பலகையில் மோட்டாருக்காக வெட்டப்பட்ட பள்ளத்தின் அடிவிளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். நாடாவின் நுனி நீரைத் தொடும் இடத்தில் சிற்றலை ஏறி இறங்கும். ஏறும்போது தெரியும் அளவையே எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவாக இருந்தால், அந்த எடையுள்ள மோட்டாரை அந்தப் படகில் நான் மாட்ட மாட்டேன். காரணம், வேகமாகப் போகும் படகில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் திடீரென்று மூடும்போது பின்னால் வரும் அதன் சொந்த அலை படகைத் தாண்டி முன்னேறும். அது பின்பலகையை எட்டும் நேரத்தில் படகும் பின்பக்கமாக அமிழ்ந்திருக்கும். இரண்டு வாளி நீர் உள்ளே வந்தால் பின்பக்கம் மேலும் கனத்து, அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். சிறிய படகுகள் பின்பக்கமாக மூழ்கும் வழி பெரும்பாலும் இதுதான்.

இடைவெளி போதவில்லை என்றால் மோட்டாரைக் கைவிடுவதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம். எரிபொருள் தொட்டியைப் படகின் நடுவுக்கு நகர்த்துங்கள், பாட்டரி இருந்தால் அணியத்துக்குக் கொண்டு போங்கள், கைப்பிடிக்கு நீட்டிப்புக் கழி மாட்டி ஓட்டுபவர் ஓர் இருக்கை முன்னால் வந்து உட்காருங்கள். மனித உடல்தான் படகில் நகர்த்தக்கூடிய மிகக் கனமான பொருள். அரை மீட்டர் நகர்வுகூட நாடாவில் தெரியும்.

ஆறாம் படி: பின்பலகையும் தண்டின் நீளமும்

மரக்கட்டை உள்ளே வைத்து ஃபைபர் பூசிய பின்பலகை, வெளியே பளபளப்பாக இருந்தபடியே உள்ளே உளுத்துப் போகக்கூடியது. சிறிய சுத்தியலால் பரப்பு முழுவதும் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி சில இடங்களில் மந்தமாக மாறினால் அங்கே ஈரம் புகுந்திருக்கிறது. பழைய மோட்டார் மாட்டப்பட்டிருந்தால் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பலகை வளைகிறதா என்று பாருங்கள். வளைகிற பலகையில் வரம்பு என்ன சொன்னாலும் புதிய மோட்டாரை மாட்டக் கூடாது.

தண்டின் நீளம் 15, 20, 25 அங்குலம் என்ற மூன்று அளவுகளில் வரும். பின்பலகையின் மேல்விளிம்பு நடுவிலிருந்து படகின் அடிவரை செங்குத்தாக அளந்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். மாட்டியபின் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைமட்டத் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ அதிகபட்சம் ஓர் அங்குலம் கீழாகவோ இருக்கவேண்டும். மேலே இருந்தால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். மிகக் கீழே இருந்தால் இழுவை கூடி, வாங்கிய குதிரைத்திறனில் ஒரு பகுதி வீணாகும்.

ஏழாம் படி: கை தாங்குமா என்று பாருங்கள்

கைப்பிடி மோட்டாரில் வரம்புக்கு அருகில் போகும்போது, ஓட்டுபவரின் தோள்பட்டையும் கணக்கில் வருகிறது. புரொப்பெல்லர் சுழலும் திசையால் கைப்பிடி எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். 25, 30 என்று ஏறும்போது அந்த இழுவையை ஒரு மணி நேரம் பிடித்திருப்பது சோர்வு தரும். சோர்ந்த கை நழுவினால் மோட்டார் தானாகத் திரும்பி, படகு சுழன்று, ஆள் வெளியே விழுவார். இதனால்தான் ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் அணைப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ மிதவைச் சட்டையிலோ மாட்டாமல் மோட்டாரை இயக்கவே கூடாது. அமெரிக்காவில் 26 அடிக்கு உட்பட்ட படகுகளில் இந்தக் கயிறு 2021 ஏப்ரல் 1 முதல் சட்டப்படியே கட்டாயம்.

எட்டாம் படி: புரொப்பெல்லரைச் சரிசெய்யாமல் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்

புதிய மோட்டாரோடு வரும் புரொப்பெல்லர் உங்கள் படகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அல்ல. கையேட்டில் முழுத் திராட்டிலில் மோட்டார் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்ற எல்லை இருக்கும். டிஎஃப் 20ஏ-வுக்கு அது நிமிடத்துக்கு 5300 முதல் 6300 வரை. ஸ்பார்க் பிளக் கம்பியின் மேல் ஒரு கம்பியைச் சுற்றி அளக்கும் சிறிய சுற்றுமானி ஒன்றை வாங்கி, வழக்கமான சுமையோடு ஓட்டிப் பாருங்கள். 5000-க்கு மேல் ஏறவில்லை என்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறவேண்டிய தூரம், அதிகம். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் கூடும்.

கணக்கைச் சரிபார்க்கவும் வழி உண்டு. 5700 சுற்று, பற்சக்கர விகிதம் 2.08, பிட்ச் 10 அங்குலம் என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2740 முறை சுற்றி, வழுக்கலே இல்லாவிட்டால் படகை மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளவேண்டும். ஜிபிஎஸ் 33 அல்லது 34 காட்டினால் வழுக்கல் 20 சதவீதம். இலகுவான சிறு படகுக்கு அது ஏற்கத்தக்கது. 28 காட்டினால் மோட்டாரின் உயரத்தையோ சாய்வையோ பின்பக்க எடையையோ மறுபடியும் பாருங்கள்.

கடல் மட்டத்திலிருந்து உயரமான ஏரிகளில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறன் குறையும். 1500 மீட்டரில் உங்கள் 20 குதிரைத்திறன் 17 ஆகத்தான் உழைக்கும். அதற்காகத் தகட்டைத் தாண்டிய மோட்டாரை மாட்ட அனுமதி கிடையாது. வரம்பின் உச்சத்தை வாங்கி, பிட்ச் குறைந்த புரொப்பெல்லரைப் போடுவதே வழி.

ஒன்பதாம் படி: முதல் பத்து மணி நேரம்

ஓட்டிப் பழக்கும் காலத்தில் கையேடு சொல்லும் வேக எல்லைகளை மதியுங்கள். பழக்கம் முடிந்தபின் முதலில் தனியாகவும், பிறகு ஓர் ஆளோடும், கடைசியில் முழுச் சுமையோடும் ஓட்டிப் பாருங்கள். அணியம் துள்ளித் துள்ளி விழுந்தால் மோட்டாரின் சாய்வை ஒரு துளை உள்ளே தள்ளுங்கள். ஏறும்போது அணியம் முன்னால் உள்ளதை மறைத்தால் எடையை முன்னால் நகர்த்துங்கள். திராட்டிலை ஒருபோதும் சட்டென்று மூடாமல், மூன்று நான்கு நொடிகளில் இறக்கி, பின்னால் வரும் அலை பலகைக்கு எவ்வளவு அருகில் எட்டுகிறது என்று திரும்பிப் பாருங்கள். பத்து மணி நேரம் முடிந்ததும் பின்பலகையின் திருகுகளையும் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், ஐந்தாம் படியில் அளந்த அதே இடைவெளியை நாடாவால் இன்னொரு முறை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.